பாளையங்கோட்டை மாலை வாசிப்பு வகுப்பு: பதினாறு வாரம் மகனை அனுப்பியபின் எழுதுகிறேன்

சமாதானபுரம் நிறுத்தத்தில் இறங்கி இரண்டு தெரு உள்ளே நடந்தால் கீழே ஒரு தையல் கடை, மேலே மாடி. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கான வகுப்பு அந்த மாடியில்தான் நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை ஒருவரும், சிறப்புக் கல்வி படித்த இளம் ஆசிரியை ஒருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். பெயரையும் போன் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம் என்று பெரிய டீச்சர் கேட்டுக்கொண்டார். இருபது பிள்ளைகளுக்கு மேல் அந்த மாடி தாங்காது, கூட்டம் சேர்ந்தால் வகுப்பு கெட்டுவிடும் என்பது அவருடைய கவலை. அதனால் வழியை மட்டும் எழுதுகிறேன். தேவைப்படுகிறவர்கள் தையல் கடையில் கேட்டால் மாடிப்படியைக் காட்டுவார்கள்.

என் மகனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. 2025 ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து அங்கே போகிறான். நவம்பர் முடிய பதினாறு வாரம் ஆயிற்று. இவ்வளவு நாள் பொறுத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான்காவது வாரத்தில் எழுதியிருந்தால் பணமும் நேரமும் வீண் என்று எழுதியிருப்பேன். எட்டாவது வாரத்தில் எழுதியிருந்தால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பேன். இரண்டும் அடங்கிய பிறகு எழுதுவதுதான் படிக்கிறவர்களுக்கு உதவும்.

ஜூலையில் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். அது ஒரு தனியார் ஆங்கில வழிப் பள்ளி, பெயர் வேண்டாம். என்னையும் மனைவியையும் நிற்க வைத்தே பேசினார்கள். "உங்கள் மகனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வரவில்லை. சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அவனுக்கும் நல்லது, வகுப்புக்கும் நல்லது." ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதுவரை அவனுக்காக என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. மனைவி பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே வந்தாள். மகன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, தாண்டிப்போகும் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

எனக்குத் தச்சநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடை. இருபது வருடத் தொழில். ஒரு விவசாயி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து "ஓடவில்லை அண்ணாச்சி" என்றால் நான் உடனே காயிலைப் பிரிப்பதில்லை. மூன்று பேஸும் வருகிறதா, ஸ்டார்ட்டர் சரியாக இருக்கிறதா, பேரிங் இறுகிக் கிடக்கிறதா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பேன். பாதி மோட்டார்கள் பிரிக்காமலேயே ஓடிவிடும். மீதிக்குக் காயில் கட்டத்தான் வேண்டும், அதில் தயக்கம் இல்லை. ஆனால் பார்த்த உடனே காயில் போய்விட்டது என்று சொல்கிற கடைக்கு யாரும் இரண்டாம் முறை போவதில்லை. என் மகன் விஷயத்தில் லைன் வருகிறதா என்றுகூட யாரும் பார்க்கவில்லையே என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிறப்புப் பள்ளி என்றாலே அவமானம் என்று நினைக்கிற குடும்பம் அல்ல எங்களுடையது. பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 1890-களிலேயே பள்ளி தொடங்கிய ஊர் பாளையங்கோட்டை. என் சித்தப்பா மகள் காது கேளாதோர் பள்ளியில் படித்தவள். இன்று தன் வருமானத்தில் வீடு கட்டியிருக்கிறாள். அந்தப் பள்ளி இல்லையென்றால் அவள் வாழ்க்கை அடுப்படியோடு முடிந்திருக்கும். தேவையான பிள்ளைக்கு அது பெரிய வரம். தேவை என்று யார் முடிவு செய்கிறார்கள், எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதுதான் என்னுடைய கேள்வி. அந்தக் கேள்வியை முறையாகக் கேட்கிற ஓர் இடத்தை நான் பார்த்தது இந்த மாடியில்தான்.

முதல் நாள் பாடம் எதுவும் நடக்கவில்லை. பெரிய டீச்சர் மகனை அருகில் உட்கார வைத்து, "ஐயாவுக்கு என்னவெல்லாம் நன்றாக வரும்?" என்று கேட்டார். பள்ளியில் யாரும் கேட்காத கேள்வி. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எண்ணுவேன்" என்றான். எதை எண்ணுவாய் என்றதற்கு "பீடி" என்றான். நான் கூசிப்போனேன். டீச்சர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. எழுதிக்கொண்டார்.

பிறகு ஒன்றாம் வகுப்பு நோட்டுகளைக் கேட்டார். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று கேட்டார். அங்கேதான் கதை திறந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கைலாசபுரத்துக்குள் வந்தபோது எங்கள் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். மகன் அப்போது ஒன்றாம் வகுப்பு, அரையாண்டு நேரம். புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் சேற்றோடு போயிற்று. மனைவியும் அவனும் ஆலங்குளத்தில் மாமியார் வீட்டுக்குப் போனார்கள். சுவர் காய்ந்து வீடு குடியிருக்கத் தக்கதாகும்போது மார்ச் பிறந்துவிட்டது. அந்த மூன்று மாதமும் அவன் பள்ளிக்கூடமே போகவில்லை. ஆச்சி பீடி சுற்ற, பக்கத்தில் உட்கார்ந்து கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். பள்ளியில் கட்டணம் கட்டியிருந்ததால் இரண்டாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். விட்டுப்போனதைச் சொல்லிக்கொடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை.

கேட்க எனக்கு நேரமில்லை என்பதே உண்மை. வெள்ளம் வடிந்த பிறகு என் கடையில் வந்து குவிந்த வேலையைப் போல அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. சீவலப்பேரி, பாலாமடை, ராஜவல்லிபுரம் என்று ஆற்றோரத்து ஊர்களிலிருந்தெல்லாம் சேறு அப்பிய மோட்டார்கள் வாசலில் வரிசையாகக் கிடந்தன. இரவு பன்னிரண்டு மணிவரை வேலை. அரைப் பருவப் பாடம் அவனுக்குள் இல்லை என்பது எனக்கு ஒன்றரை வருடம் கழித்து அந்த மாடியில்தான் உறைத்தது.

டீச்சரிடம் ஒரு விசாரணைத் தாள் இருக்கிறது. அதில் 'உயிர்மெய் வரிசை' என்ற இடத்துக்கு நேராக இளம் ஆசிரியை 'கற்கவில்லை' என்று எழுதியிருந்தார். என் கதையைக் கேட்டதும் பெரிய டீச்சர் பேனாவை வாங்கி, அதை அடித்துவிட்டு, 'கற்பிக்கப்படவில்லை' என்று எழுதினார். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்து இரண்டு பரிசோதனைகள் முடித்துவிட்டு வரச் சொன்னார்கள். கண் நன்றாக இருந்தது. ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பார்த்தபோது வலது காதில் குறும்பி இறுகி அடைத்திருந்தது தெரிந்தது. சொட்டு மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்துச் சுத்தம் செய்தார்கள். செலவு, பஸ் டிக்கெட் மட்டும். இதுதான் காரணம் என்று துள்ளிக் குதித்தேன். இளம் ஆசிரியை பொறுமையாகச் சொன்னார்: "இது ஒரு காரணமாக இருக்கலாம் சார். இது மட்டும்தான் என்று இன்றே முடிவு செய்ய வேண்டாம். பள்ளியில் ஆசிரியர் நிற்கிற பக்கம் இடது காது இருக்கும்படி உட்கார வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு என்ன மாறுகிறது என்று பார்ப்போம்." காது சுத்தமான பிறகும் அந்த ஏற்பாடு சில வாரம் தொடரட்டும் என்றார்.

இனி வகுப்பைப் பற்றி. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஐந்திலிருந்து ஆறரை. நான்கு நான்கு பிள்ளைகளாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். வயதை வைத்தோ படிக்கும் வகுப்பை வைத்தோ பிரிப்பதில்லை. எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். என் மகன் குழுவில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனும் இருந்தான். முதலில் எனக்கு அது சங்கடமாக இருந்தது. பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆங்கில வழியில் படிக்கிறவனுக்கு முதலில் தமிழில்தான் வாசிக்க வைத்தார்கள். நான் எதிர்த்துக் கேட்டேன். ஆங்கிலத்துக்காகத்தானே இவ்வளவு கட்டணம் கட்டுகிறேன் என்றேன். பெரிய டீச்சர் சொன்ன பதில்: "வீட்டில் பேசுகிற மொழியிலும் தடுமாறுகிறானா, தெரியாத மொழியில் மட்டும் தடுமாறுகிறானா என்று முதலில் தெரிய வேண்டும் தம்பி. ஆங்கிலத்தில் மட்டும் என்றால் அது குறைபாடே இல்லை. மொழி பழகவில்லை, அவ்வளவுதான்." தமிழிலும் தடுமாறினான். ஆனால் எப்படித் தடுமாறினான் என்று அவர்கள் கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடித்தது.

ஒரு பக்கம் கொடுத்து ஒரு நிமிடம் வாசிக்கச் சொன்னார்கள். ஒன்பது சொற்களைச் சரியாகப் படித்தான். தவறியவற்றையெல்லாம் அப்படியே அவன் சொன்னபடி எழுதிக்கொண்டார்கள். 'கோழி' என்பதைக் 'கே, ஆ, ழி' என்று படித்திருக்கிறான். 'பொம்மை' என்பதைப் 'பெ, ஆ' என்று தொடங்கி நின்றுவிட்டான். 'பட்டம்', 'வண்டி', 'பாலம்' எல்லாம் சரி. இளம் ஆசிரியை அந்தத் தாளை என்னிடம் காட்டி, "கொம்பு வருகிற இடத்தில் மட்டும்தான் விழுகிறான், பாருங்கள்" என்றார். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலிக்கும்போது பின்னால் வரும். கொ, கோ போன்ற எழுத்துகளில் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாகப் பார்க்க வேண்டும். யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காவிட்டால் இடமிருந்து வலமாகப் போகிற பிள்ளை அதை மூன்று துண்டாகத்தான் படிக்கும். 247 எழுத்தும் தெரியாத பையன் என்று பள்ளியில் சொன்னார்கள். அவனுக்குத் தெரியாதது ஆறேழு குறிகளின் வேலை.

இரண்டு வாரம் அது ஒன்றையே பிடித்துக்கொண்டார்கள். தட்டில் சிவந்த தேரி மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தார்கள்; எழுதும்போதே வாய்விட்டு ஒலிக்க வேண்டும். ஒரு சொல்லில் எத்தனை ஒலி கேட்கிறதோ அத்தனை புளியங்கொட்டை எடுத்து வைக்க வேண்டும். எண்ணுவதில் கெட்டிக்காரனான அவனுக்கு இந்தப் புளியங்கொட்டை வேலை உடனே பிடித்துவிட்டது. முதல் நாள் அவன் சொன்னதை எழுதிக்கொண்டது இதற்குத்தான் என்று அப்போது புரிந்தது. நடுவே பத்து நிமிடம் அவித்த கடலை. கடைசி கால் மணி நேரம் டீச்சர் கதை வாசிப்பார், பிள்ளைகள் கேட்பார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் கதை கேட்க உரிமை உண்டு என்பது அவர் கட்சி. எனக்கு அதில் முழுச் சம்மதம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் போட்ட நோட்டு உண்டு. இந்த வகுப்பின் உயிரே அந்த நோட்டுதான் என்பேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நிமிட வாசிப்பு. எத்தனை சொல் சரி என்று ஒரு புள்ளி. தொடக்கத்திலேயே, எத்தனை வாரத்தில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஒரு கோடு பென்சிலால் போட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து நான்கு புள்ளிகள் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தால் சொல்லிக்கொடுக்கிற முறையை மாற்ற வேண்டும் என்பது விதி. பிள்ளையைத் திட்டுவதோ, இரண்டு மடங்கு எழுத வைப்பதோ கிடையாது.

என் மகனின் புள்ளிகள் 9, 10, 10, 11. நான்காவது வெள்ளிக்கிழமை நான் பொறுமை இழந்தேன். பள்ளியில் சொன்னது சரிதானோ என்ற பயம் வந்துவிட்டது. அன்று மாலையே இரண்டு ஆசிரியைகளும் உட்கார்ந்து முறையை மாற்றினார்கள். தனிச் சொற்களைக் குறைத்துவிட்டு, ஒரே சிறிய பத்தியை டீச்சர் முதலில் வாசிக்க, அவன் கூடவே வாசிக்க, பிறகு தனியாக வாசிக்க, என்று ஒரே பத்தியை நான்கு முறை. வீட்டில் பதினைந்து நிமிடம் அதே பத்தி. எட்டாவது வாரம் 22. பன்னிரண்டில் 33. பதினாறில் 41. நடுவில் ஒரு வாரம் கீழேயும் போயிற்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒன்பதாவது வாரமோ பத்தாவதோ, வண்ணார்பேட்டையில் பஸ் நின்றபோது எதிரே வந்த பஸ்ஸின் பலகையை அவன் தானாகப் படித்தான். 'மேலப்பாளையம்.' கொம்பு உள்ள சொல். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேட்டை, கொக்கிரகுளம் என்று அவன் அடுத்தடுத்த பலகைகளுக்குப் போய்விட்டான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று இளம் ஆசிரியையிடம் ஒருநாள் கேட்டேன். அமெரிக்காவில் சிறப்புக் கல்விக்கு அனுப்புவதற்கு முன்பு வகுப்பறையிலேயே உதவி செய்து பார்க்கிற வழக்கம் பல வருடங்களாக இருக்கிறதாம். முன்பு அங்கே, அறிவுத்திறன் தேர்வுக்கும் படிப்புக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தால்தான் கற்றல் குறைபாடு என்று ஏற்றுக்கொள்வார்கள். அந்த இடைவெளி விழும் அளவுக்குப் பிள்ளை தோற்கும்வரை காத்திருப்பதாகவே அது பல நேரம் முடிந்தது. 2004-இல் திருத்திய சட்டம் வேறு வழியையும் திறந்துவிட்டது: முறையான உதவி கொடுத்து, அதற்குப் பிள்ளை எப்படி முன்னேறுகிறது என்பதையும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்ல பாடம், தடுமாறுகிறவர்களுக்குச் சிறு குழு, அதிலும் தடுமாறுகிறவர்களுக்குத் தனிக் கவனம் என்று மூன்று படி. அந்தச் சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: வாசிப்பும் கணக்கும் முறையாகச் சொல்லிக்கொடுக்கப்படாததே தடுமாற்றத்துக்கு முக்கியக் காரணம் என்றால், அல்லது ஆங்கிலம் போதாததே காரணம் என்றால், அந்தப் பிள்ளையைக் குறைபாடுள்ள பிள்ளை என்று முடிவு செய்யக் கூடாது. வெள்ளத்தில் நோட்டுப் போன என் மகனைப் பார்த்து எழுதினாற்போல இருந்தது எனக்கு.

நம் ஊரிலும் ஒன்றும் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. கற்றல் குறைபாடு அதில் ஒன்று. அதைச் சீக்கிரமே கண்டறிந்து, ஏற்ற கற்பித்தல் முறைகளைச் செய்ய வேண்டும் என்று கல்வி நிலையங்களுக்கான கடமைகளில் எழுதியிருக்கிறது. அனுப்பிவிடு என்று மட்டும் எழுதவில்லை. எங்கள் தெருவில் அரசுப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு 2022 ஜூனிலிருந்து 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம். பக்கத்து வீட்டுச் சிறுமி அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்ததை அவள் அம்மா எங்களிடம் சொன்னபோது, நான் தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்டியதை நினைத்து மனம் கனத்தது. வெள்ளத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த அந்தக் கவனம் என் மகனுக்குக் கிடைக்கவில்லை.

இந்த வகுப்பை நான் நம்புவதற்கு என் மகனின் முன்னேற்றத்தைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. அவன் குழுவிலேயே ஒரு சிறுமி. அவளுடைய அப்பாவும் நானும் மாலையில் ஒரே டீக்கடையில் காத்திருப்போம். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவளுக்கும் அதே மணல், அதே புளியங்கொட்டை, அதே பத்தி. ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிட்டதில்லை. கண், காது இரண்டும் சரி. பள்ளிக்கும் ஒழுங்காகப் போனவள். ஆனால் புள்ளிகள் எழவில்லை. முறையை ஒரு முறை மாற்றினார்கள், இரண்டாம் முறை மாற்றினார்கள், தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். திங்களன்று படித்த சொல் புதனன்று அவளுக்குப் புதுச் சொல்லாக இருந்தது. பத்தாவது வாரம் பெரிய டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டு, கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கும் மதிப்பீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்.

அவள் அப்பா கெஞ்சினார். "இன்னும் இரண்டு மாதம் பார்ப்போமே டீச்சர். உங்களிடம் வந்தால் சரியாகிவிடும் என்றுதானே வந்தோம்." டீச்சர் இளகவில்லை. "உதவி செய்கிறோம் என்று சொல்லிப் பிள்ளையைக் காக்க வைக்கக் கூடாது தம்பி. நாங்கள் செய்து பார்த்ததெல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். அமெரிக்காவிலும் இந்தத் தவறு நடந்து, வகுப்பறை உதவியைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று 2011-இல் அவர்கள் கல்வித் துறையே மாநிலங்களுக்கு எழுதியதாக இளம் ஆசிரியை சொன்னார். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் மதிப்பீடு கேட்கலாம். அதற்கு எந்த வாரக் கணக்கும் தடையில்லை.

சிறுமிக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, என்று மதிப்பீட்டில் தெரிந்தது. நோட்டைப் பார்த்த உளவியலாளர், இவ்வளவு விவரத்தோடு யாரும் வருவதில்லை என்றாராம். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை எட்டு வயதுக்குப் பிறகுதான் கொடுப்பார்கள். அவளுக்கு ஒன்பது, அதனால் அந்தத் தடையும் இல்லை. பின்னாளில் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், சொல்லச் சொல்ல எழுத ஆள் கிடைக்கும். பள்ளியும் மாறவில்லை, அதே பள்ளியில் அதே பெஞ்சில் இருக்கிறாள், கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பு ஆசிரியர் வந்து பார்க்கிறார். அவள் அம்மா என் மனைவியிடம் சொன்னது: "இரண்டு வருடமாகச் சோம்பேறி என்று அடித்தேன் மதினி. இனிமேல் அடிக்கமாட்டேன்." ஒரே குழுவில் இருந்த இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வேறு முடிவுகள். இரண்டையும் அதே நோட்டுதான் காட்டிக்கொடுத்தது.

குறைகள் இருக்கின்றன, மறைக்க விரும்பவில்லை. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். நடக்கச் சிரமப்படும் பிள்ளையை ஏற்ற முடியாது. சிறப்புக் கல்வி பற்றிப் பேசும் இடத்தில் இது பெரிய குறை. நான் நேரிலும் சொல்லிவிட்டேன். கழிப்பறை கீழே, தையல் கடைக்குப் பின்னால். சிறு பிள்ளைகளுடன் யாராவது இறங்க வேண்டும். கணக்குக்கு ஒன்றுமே இல்லை. கணக்கில் தடுமாறுகிற பிள்ளையை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை.

எல்லாமே இரண்டு பெண்களின் தோளில் நிற்கிறது. அக்டோபரில் இளம் ஆசிரியைக்கு டெங்கு வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டார். நான்கு பேர் குழு எட்டாயிற்று. உதவிக்கு வந்த கல்லூரி மாணவி நல்ல பெண்தான், ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே தடுமாறுகிறது என்று அவளுக்குத் தெரியாது. என் மகனின் புள்ளி 27-இலிருந்து 24-க்கு இறங்கியது அந்த வாரத்தில்தான். மூன்றாவதாக ஓர் ஆளைப் பயிற்றுவித்து வைக்க வேண்டும் என்று பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டிருக்கிறோம். அதற்காகக் கட்டணத்தைக் கொஞ்சம் உயர்த்தினாலும் கொடுப்போம். இப்போது மாதம் 500 ரூபாய். முடியாதவர்களிடம் கேட்பதில்லை, யார் கொடுக்கிறார்கள் யார் கொடுக்கவில்லை என்று வெளியே தெரிவதும் இல்லை.

பெற்றோர் சந்திப்பு சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு. கடை வைத்திருக்கிறவர்களுக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது முடியாத நேரம். பெரும்பாலும் அம்மாக்கள் மட்டுமே வருகிறார்கள். வீட்டில் பதினைந்து நிமிடம் வாசிக்க வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் எளிதல்ல. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஒருவர் அந்தக் கையெழுத்துக்காகவே கூச்சப்பட்டு நின்றுவிடப் பார்த்தார். நல்லவேளை, டீச்சர் விசாரித்து, கேட்டால் போதும், கையெழுத்து வேண்டாம் என்று மாற்றினார். முதலிலேயே யோசித்திருக்கலாம்.

பள்ளியோடு இவர்கள் நேராகப் பேசுவதில்லை என்பது என் பெரிய வருத்தம். நோட்டை நான்தான் ஐந்தாவது வாரம் பள்ளிக்கு எடுத்துப் போனேன். அன்று எங்களை நிற்க வைத்துப் பேசியவரைப் பார்க்கவில்லை. நேராக வகுப்பு ஆசிரியையிடம் போனேன். நாற்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற பெண். நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இப்படி ஒன்றை எனக்கும் யாராவது முன்பே சொல்லிக்கொடுத்திருந்தால்" என்றார். அன்றே அவனை முன் பெஞ்சுக்கு மாற்றினார். வினாத்தாளை அவனுக்கு ஒரு முறை வாசித்துக் காட்டுகிறார். சிறப்புப் பள்ளி என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. 41 சொல் என்பது மூன்றாம் வகுப்புக்கு இன்னும் குறைவுதான், எனக்குத் தெரியும். ஆங்கிலத்தை இப்போதுதான் தொட்டிருக்கிறார்கள். அடுத்த ஜூனில் அவன் புள்ளி நிற்குமிடம் பார்த்து, தேவையென்றால் நானே அவனையும் மதிப்பீட்டுக்கு அழைத்துப் போவேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பயமில்லை.

புதுப் பிள்ளைகளை அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்கைந்து இடம்தான் இருக்கும். திருநெல்வேலி சந்திப்பிலிருந்து வருகிறவர்கள் நாலரைக்கே பஸ் ஏறிவிடுங்கள், முருகன்குறிச்சியில் மாலை நெரிசல் அதிகம். முதல் நாள் பிள்ளையின் நோட்டுகள் எத்தனை இருக்கிறதோ அத்தனையும், ஒன்றாம் வகுப்பு முதல், எடுத்துக்கொண்டு போங்கள். கண், காது பார்த்த சீட்டு இருந்தால் அதையும். எந்த மாதம் பள்ளிக்குப் போகவில்லை, எதனால் போகவில்லை என்று வீட்டில் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டு இல்லையென்றால், ஏன் இல்லை என்று சொல்லுங்கள். டீச்சர் அதையும் எழுதிக்கொள்வார்.